ஒரே முள், இரண்டு விலை

கல்மண்டபத்தில் இருந்த அந்தத் தூண்டில் கடைக்கு வாசல் என்று தனியாக எதுவும் கிடையாது. தொங்கிக்கொண்டிருக்கும் வலைகளையும் மிதவைகளையும் தலையால் விலக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். நிமிரும்போது சட்டைக் காலரில் ஏதாவது ஒரு கயிறு மாட்டியிருக்கும். தங்கராசு அண்ணாச்சி அதை எடுத்துவிட்டபடியே "வாங்க சார்" என்பார். மாட்டிக்கொண்ட மீனைக் கழற்றுவதுபோலத்தான் இருக்கும்.

கடைக்குள் புது நைலானின் வாசனையும் பழைய தாரின் வாசனையும் கலந்து அடிக்கும். கூடவே அண்ணாச்சி காலையில் சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தி.

அன்றைக்கு நான் ஏழாம் நம்பர் முள் ஒரு டப்பா கேட்டேன். தூண்டில் முள்ளைத்தான் சொல்கிறேன். டப்பாவுக்கு நூறு முள். அண்ணாச்சி ஐம்பத்தைந்து என்றார். நான் சிரித்தேன். விலை கேட்டதும் சிரிப்பது என் தொழில் ரகசியங்களில் ஒன்று. பிறகு டப்பாவைத் திறந்து ஒரு முள்ளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதில் இல்லாத துருவைத் தேடி, கடைசியில் நாற்பத்தெட்டுக்கு முடித்தேன். ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினேன்.

அப்போதுதான் தேசிங்கு வலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். காத்திவாக்கத்தில் கட்டுமரம் வைத்திருப்பவன். என்னைப்போல ஞாயிற்றுக்கிழமை மீனவன் அல்ல, வாரம் முழுக்க மீனவன். அவனும் ஏழாம் நம்பர் ஒரு டப்பா கேட்டான். அண்ணாச்சி எடுத்து வைத்தார். தேசிங்கு பேரம் பேசாமல் அறுபது ரூபாயை வைத்தான்.

அண்ணாச்சி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மீதிச் சில்லறையை மரப்பலகைமேல் வைத்தார். என் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு இரண்டு ரூபாய் நாணயம். அவன் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம்.

கணக்கில் நான் புலி. ஆனால் தேசிங்கு எனக்கு முன்னால் போட்டுவிட்டான்.

"சாருக்கும் ஏழாம் நம்பர்தானா?" என்று கேட்டான்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி பலகைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினார். தேடிய பொருள் அங்கே இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தேசிங்கு டப்பாவை எடுத்து மடியில் செருகிக்கொண்டு போய்விட்டான். ஐந்து ரூபாயை எடுக்கவில்லை.

நான் பேரம் பேசக் கற்ற விதம்

வடசென்னைத் தூண்டில் கடைகளில் விலை நியாயமா என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்பதுண்டு. நியாயம்தான் என்று அடித்துச் சொல்வேன். அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறீர்கள் என்றால், அந்த நியாயத்தைப் பெற்றெடுத்த நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். பிரசவத்துக்கு என் உதவி எவ்வளவு என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு.

அப்போது விம்கோ நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தேன். கொள்முதல் பிரிவு என்பது ஒரு மதம். அதற்கு ஒரே மந்திரம், மூன்று கொட்டேஷன். ஊசியானாலும் உலையானாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு, மூவரையும் ஒருவர் பெயரைச் சொல்லி இன்னொருவரைப் பயமுறுத்தி, கடைசியில் குறைந்தவரிடம் வாங்க வேண்டும். இருபது வருஷம் இதைச் செய்தவன் வீட்டுக்கு வந்து வேறு ஆளாக மாற முடியாது. கொத்தமல்லிக் கட்டு வாங்கப் போய் ஒரு மணி நேரம் கழித்துக் கொத்தமல்லி இல்லாமல் வந்திருக்கிறேன். "உங்களுக்குப் பெண் பார்த்ததும் இப்படித்தானா?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். அவள் மூன்றாவது இடம் என்ற உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த வாரம் ஓட்டலில் சாப்பிட்டேன்.

தூண்டில் போடக் கிளம்பியதும் அந்தக் காலத்தில்தான். டாக்டர் ரத்த அழுத்தம் என்றார். நண்பர் ஒருவர் மீன் பிடித்தால் மனம் அடங்கும் என்றார். எண்ணூர் முகத்துவாரத்தில் கல்மேல் உட்கார்ந்து, தங்கூசியை விரலில் சுற்றி வீசிவிட்டுக் காத்திருப்பேன். தங்கூசி என்றால் நைலான் நரம்பு. முனையில் ஈயக்குண்டு, அதற்குமேல் முள், முள்ளில் இறால். எதிரே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். என் மனம் அடங்கியது உண்மை. மீன்களின் மனமும் அடங்கியே இருந்தது, ஒன்றும் சபலப்படவில்லை.

பழைய இலக்கியத்தில் தூண்டில்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். தூண்டில் விற்றவன் வருவதில்லை. முள்ளை அவர்கள் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று எந்த உரைகாரரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தக் குறையை நான் போக்க நினைத்தேன் போலிருக்கிறது.

ஆபீஸில் எல்லோரும் என்னை எச்சரித்திருந்தார்கள். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போனால் கடைக்காரன் தலையில் கட்டிவிடுவான், மீன் பிடிக்கிறவர்களுக்கு ஒரு விலை, வேடிக்கைக்காரர்களுக்கு ஒரு விலை என்றார்கள். இரண்டு விலை இருந்தது வாஸ்தவம். எது யாருக்கு என்பதில்தான் எல்லோரும் தப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அண்ணாச்சியின் வருகை

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி என் வீட்டு வாசலில் நின்றார். கடையில் பலகைக்குப் பின்னால் பார்த்தே பழகிய ஆள். இடுப்புக்குக் கீழே அவருக்குக் கால்கள் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காபி வேண்டாம் என்றார். பிறகு குடித்தார். தேசிங்கு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டானாம். அவன் மட்டுமல்ல, காத்திவாக்கத்தில் அவன் குப்பத்து ஆட்கள் ஒருவரும் வரவில்லையாம். எல்லோரும் திருவொற்றியூர் தேரடியில் சாமுவேலின் கடைக்குப் போகிறார்களாம். சாமுவேல் அண்ணாச்சியின் ஊர்க்காரர். இவர் கடையிலேயே நின்று தொழில் கற்று, தனிக்கடை போட்டவர். அந்தக் குப்பம் போனால் கடையில் பாதி போனமாதிரி என்றார். சொல்லும்போது குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

"நான் ஏமாத்தினேன்னு சொல்லுதாங்க சார். இருவது வருசமா கடை வச்சிருக்கேன், ஒரு டப்பாவுல ஒரு முள்ளு கொறஞ்சிருக்குமா?"

அது இல்லையே பிரச்சினை என்றேன்.

"நீங்க கேட்டிய, கொறச்சேன். அவரு கேக்கல. கேக்காத ஆளுக்கு நானா எப்படிக் கொறப்பேன்? எல்லாரும் கேப்பாங்கன்னுதானே மொத விலையே சொல்லுதோம்?"

பொருளாதாரத்தில் இதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, நான் படித்திருக்கிறேன். படித்ததைச் சொல்லி அவரைத் தேற்றலாம் என்று வாயெடுத்தேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உங்களால் வந்தது, நீங்கள்தான் தேசிங்குவிடம் பேச வேண்டும் என்று முடித்துவிட்டார். என் வாழ்க்கையில் என்னிடம் பேரம் பேசாமல் ஒரு காரியத்தை முடித்த முதல் வியாபாரி அவர்தான்.

கேட்காதவன்

தேசிங்கு கரையில் கட்டுமரத்தின் கட்டைகளைப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தான். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவள்தான் முதலில் பேசினாள். "இத்தினி வருசம் ஏமாந்தது பத்தாதுன்னு தூது வேற வந்துகீதா?" என்று என்னைப் பார்க்காமல் இறாலிடம் கேட்டாள்.

நான் என் தரப்பு ஞானத்தை எடுத்துவிட்டேன். நீயும் பேரம் பேசியிருக்கலாமே, கேட்டால் குறைப்பாரே என்றேன்.

தேசிங்கு கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான்.

"காலைல என் மீனை ஏலத்துல போட்டு நிக்கிறேன் சார். வர்றவன் போறவன்லாம் செவுளத் தூக்கிப் பாக்குறான், கலீஜா கீதுன்றான், வாய்க்கு வந்த வெலயச் சொல்றான். நான் நின்னு கேட்டுகினு கீறேன். அதே வேலய நான் போய் இன்னொருத்தன் கடைல பண்ணணுமா? எங்காளுங்க யாரும் முள்ளுக்குப் பேரம் பேச மாட்டோம். அண்ணாச்சிக்கு அது தெரியும்."

அது தெரிந்துதான் ஐம்பத்தைந்து வாங்கினாரா என்றேன்.

"அவரு சொல்றது அவரோட வெலன்னு நெனச்சிகினு இருந்தேன். உங்களோட சண்ட போடறதுக்கு வச்ச வெலன்னு இப்பத்தானே தெரியுது. எங்களுக்கு ஏழு ரூபா பெரிசில்ல சார்."

கயிற்றை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது. இரண்டு தரப்பும் சரியாக இருக்கும்போது கொள்முதல் பிரிவுக்கு ஒரே வழிதான் தெரியும், புதுமுறை ஒன்றைப் புகுத்துவது.

தலைகீழ் ஏலம்

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்த புதிது. கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் வந்து இரண்டு நாள் பாடம் எடுத்துவிட்டுப் போயிருந்தான். தலைகீழ் ஏலம் என்ற ஒன்றைக் காட்டினான். வாங்குகிறவன் சும்மா உட்கார்ந்திருப்பான். விற்கிறவர்கள் திரையில் ஒருவரையொருவர் வெட்டி விலையைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் யார் குறைவோ அவருக்கு ஆர்டர். நாங்கள் வால்வுக்கு அப்படி ஏலம் விட்டோம். எண்கள் திரையில் இறங்குவதைப் பார்த்து மேனேஜர் கைதட்டினார்.

இதைவிடப் பொருத்தமான மருந்து உண்டா? மீனவர்கள் பேரம் பேச வேண்டாம். கடைக்காரர்களே தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். மரியாதையும் போகாது, விலையும் குறையும். யோசனை வந்த அன்றைக்கு ரத்த அழுத்தம் பார்த்திருந்தால் டாக்டரே கைகொடுத்திருப்பார்.

தேசிங்குவிடம் போய்ச் சொன்னேன். அண்ணாச்சியும் சாமுவேலும் நேரில் வரட்டும், குப்பத்து ஆட்கள் முன்னால் நடக்கட்டும், யார் வெல்கிறாரோ அவரிடமே எல்லோரும் வாங்குகிறோம் என்றான். அவன் மனைவிதான், ஏலம் என்றால் பாக்கியம் அக்காதான் கூவ வேண்டும் என்றாள்.

பாக்கியம்மா அந்தக் கரையில் மீன் ஏலம் கூவுகிறவர். அவர் வாயைத் திறந்தால் அலை ஒரு நொடி யோசித்துவிட்டு வரும். கூடை மீனை வைத்துக்கொண்டு, வாங்க வந்தவனுடைய குடும்ப மானம் வரைக்கும் இழுத்து, விலையை ஏற்றாமல் விடமாட்டார். ஏலத்தில் விலை ஏற ஏற அவர் பங்கும் ஏறும். இறங்குகிற ஏலத்தில் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. டை கட்டிய பையனின் பாடத்தில் அந்தப் பக்கம் இல்லை.

பாக்கியம்மா கூவுகிறார்

காலை மீன் ஏலம் முடிந்து ஈரம் காயாத கொட்டகையில் கூடினோம். ஆண்கள் கவிழ்த்த கூடைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வேலையைக் கையோடு கொண்டுவந்து சுற்றி உட்கார்ந்தார்கள். சாமுவேல் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அண்ணாச்சி நெற்றியில் விபூதியோடு வந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். பழைய முதலாளியைப் பார்த்ததும் சாமுவேல் எழுந்து நின்றார். பிறகு தான் எதிரி என்பது நினைவு வந்து உட்கார்ந்தார்.

நான் விதிமுறைகளை விளக்கினேன். பாக்கியம்மா பாதியில் கையமர்த்தி, டப்பாவை வாங்கித் தலைக்குமேல் தூக்கினார்.

"ஏழாம் நம்பர் முள்ளு, நூறு கீது. அம்பத்தஞ்சி!"

சாமுவேல் ஐம்பத்து மூன்று என்றார். அண்ணாச்சி ஐம்பத்திரண்டு என்றார்.

"அம்பத்திரண்டு, அம்பத்திரண்டு, அம்பத்திரண்டுக்கு மேல யாரு?"

பழக்கம். நான் திருத்துவதற்குள், கொட்டகைக்கு வெளியே சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு மீன் வியாபாரி, இறால் ஏலம் என்று நினைத்து "அறுவது" என்று ஒரு குரல் கொடுத்தார்.

பாக்கியம்மாவின் முகம் மலர்ந்தது. அந்த ஒரு கணம் அவர் இயல்பான உலகத்தில் இருந்தார். டப்பாவுக்குள் இறால் இல்லை என்று வியாபாரிக்குப் புரியவைத்து அனுப்ப ஐந்து நிமிஷம் ஆனது. முள்ளை ஏன் விலை இறக்கி விற்கிறார்கள், பழசாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுபடி தொடங்கினோம். ஐம்பது, நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு. என் விலை வந்ததும் நான் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தேன், யாராவது கவனிக்கிறார்களா என்று. யாரும் கவனிக்கவில்லை. விலை என்னைத் தாண்டிப் போய்விட்டது. நாற்பத்தாறு. நாற்பத்தைந்து.

ஒவ்வொரு இறக்கத்துக்கும் பாக்கியம்மா விற்பவர்களைத் திட்டினார். "இன்னா நைனா, உம் பொருளை நீயே மட்டம் தட்டுறே? ஊட்ல சொல்லிட்டுத்தான் வந்தியா?" கூட்டம் சிரித்துக்கொண்டே இருந்தது. நாற்பது வரைக்கும் சிரித்தது.

நாற்பதுக்குக் கீழே போனதும் சிரிப்பு நின்றது.

சாமுவேல் கழுத்தைத் துடைத்தார். அவர் அண்ணாச்சியிடம் கற்ற தொழிலில் தோற்காமல் இருப்பதும் ஒரு பாடம். அண்ணாச்சி கீழே மணலைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். பாக்கியம்மாவுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். முப்பத்தெட்டு என்றார் அண்ணாச்சி.

ஆபீஸில் திரையில் எண்கள் இறங்கியபோது அவற்றுக்குப் பின்னால் முகம் எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. இங்கே ஒரு முகம் நாலடி தூரத்தில் இருந்தது. கூடைகள்மேல் உட்கார்ந்திருந்த ஆட்கள் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அதே கொட்டகையில், அதே இடத்தில், அன்று காலையிலும் அவர்களில் சிலர் அப்படித்தான் நின்றிருக்க வேண்டும்.

சாமுவேல் வாயைத் திறந்தார். அதற்குள் தேசிங்கு எழுந்துவிட்டான்.

"போதும்க்கா. நிறுத்து."

பாக்கியம்மா டப்பாவைக் கீழே இறக்கினார். தேசிங்கு அண்ணாச்சிக்கு எதிரே போய் நின்றான்.

"இந்த வெலைக்குக் குடுத்தா உனக்கு இன்னா நிக்கும்?"

"ஒண்ணும் நிக்காது. கையிலருந்து போவும்."

"அப்பறம் இன்னாத்துக்குக் கேட்ட?"

அண்ணாச்சி குனிந்தார். வேட்டி ஓரத்தில் ஒட்டியிருந்த செதிலை எடுத்துப் போட்டார்.

"நீங்க எல்லாரும் போயிருவியளே."

தேசிங்கு திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குள் அது பேச்சு மாதிரிதான் போலிருக்கிறது. அவன் மறுபடி அண்ணாச்சி பக்கம் திரும்பினான்.

"எங்களுக்கு இந்த ஏலம்லாம் வோணாம். நீயே ஒரு வெல சொல்லு. ஒரு தபாதான் சொல்லணும். நாங்க கேக்கறவங்க இல்லன்னு தெரிஞ்சிகினு சொல்லு."

நான் இருபது வருஷத்தில் ஆயிரக்கணக்கான விலைகளைக் கேட்டிருக்கிறேன். ஒரு மனிதர் விலை சொல்ல அவ்வளவு சிரமப்பட்டதைப் பார்த்ததில்லை. ஐம்பத்தைந்து என்றால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். இறக்கிச் சொன்னால் இத்தனை வருஷம் வாங்கியது அநியாயம் என்று அவரே கையெழுத்துப் போட்டமாதிரி. அண்ணாச்சி பாக்கியம்மாவின் கையிலிருந்து டப்பாவை வாங்கினார். திறந்தார். முட்களைப் பார்த்தார். உதடு அசைந்து எதையோ கூட்டிக் கழித்தது. கடைக்கு வாடகை, சரக்கு இறக்கும் கூலி, வீட்டுக்கு அரிசி எல்லாம் அந்த உதட்டில் வந்து போயிருக்கும்.

"அம்பத்தொண்ணு" என்றார்.

"சரி" என்றான் தேசிங்கு.

அவ்வளவுதான். மடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்து டப்பாவை வாங்கிக்கொண்டான். கூடைகள்மேல் இருந்தவர்கள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார்கள். சாமுவேல் தன் கடையிலும் இனி அதே விலைதான் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். தோற்றவர் மாதிரி இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தவர் மாதிரி இருந்தார்.

நானும் கிளம்பலாம் என்று செருப்பைத் தேடினேன்.

"சாருக்கு?" என்று தேசிங்குவின் மனைவி கேட்டாள். இந்தமுறை இறாலிடம் அல்ல, என்னிடம்.

கொட்டகை மொத்தமும் திரும்பியது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், தேசிங்குவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கேட்டால் குறைக்கிற பழக்கம் அவர் கண்ணில் தெரிந்தது. கேட்கிற பழக்கம் என் நாக்கின் நுனியில் நின்றது.

"சாருக்கும் அம்பத்தொண்ணுதான். இன்னா சார்?" என்றான் தேசிங்கு.

நான் மூன்று ரூபாயைப் பற்றி யோசித்தேன். நானே யோசனை சொல்லி, நானே ஊரைக் கூட்டி, நான் மட்டும் அதிகம் கொடுக்கப்போகும் மூன்று ரூபாய். சிரிக்கப் பார்த்தேன். தொழில் ரகசியம் அன்றைக்கு வேலை செய்யவில்லை.

முள் ஏலத்தை ஒழுங்காக முடிக்க விடாமல் பண்ணிவிட்டோமே என்ற ஆத்திரம் பாக்கியம்மாவுக்கு உள்ளே இருந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். கையைத் தூக்கினார்.

"சார் ஒரு தரம்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி இன்னொரு டப்பாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சார் ரெண்டு தரம்."

"சரி" என்றேன்.